சுங்கை பூலோ போறீங்களா? கடல் ஏறும் நேரத்தைப் பாருங்க

"சுங்கை பூலோ போனேன், ஒரு பறவையும் இல்ல, வெயில்தான் மிச்சம்" என்று சிங்கப்பூரில் சிலர் சொல்வதைக் கேட்டிருப்பீங்க. அவங்க பொய் சொல்லல. நேரம் தப்பாப் போயிருக்கும். விடியற்காலையில் போனால் பறவை கிடைக்கும் என்ற கணக்கு காட்டுக்குச் சரி. இங்கே பறவைகளின் நேரத்தை முடிவு பண்றது கடல்.

எப்படின்னு சொல்றேன். செப்டம்பரிலிருந்து மார்ச் வரை வடக்கிலிருந்து, சைபீரியா வரைக்கும் தூரத்திலிருந்து, பவளக்காலி, பச்சைக்காலி மாதிரி கரைப்பறவைகள் வரும். சில இங்கேயே தங்கும், சில ஆஸ்திரேலியா வரை போகும். இதுகளுக்குச் சாப்பாடு ஜோகூர் நீரிணையின் சேற்றுத்திட்டில் இருக்கும் புழுவும் சின்ன நண்டும். கடல் வத்தும்போது எல்லாம் அங்கே போய் சிதறிடும். நம்ம கண்ணுக்கு எட்டாது. கடல் ஏறினால் அந்தத் திட்டு மூழ்கிடும். நீந்தத் தெரியாத வாத்து இல்லையா இதுங்க, நிற்க இடம் வேணுமே! அப்போதான் கூட்டமாகப் பூங்காவின் குளங்களுக்கு உள்ளே வரும்.

அந்தக் குளங்கள் இயற்கையானவை இல்லை என்பதுதான் எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம். அவை பழைய இறால் பண்ணைகள். கடல் ஏறும்போது மதகைத் திறந்தால் தண்ணியோடு இறால் குஞ்சும் உள்ளே வரும். வத்தும்போது வலையைக் கட்டித் திறந்துவிட்டால் வளர்ந்த இறால் மாட்டும். 1986ல் இயற்கை ஆர்வலர்கள் இங்கே பறவைக் கூட்டத்தைக் கவனித்து, காப்பாத்தணும்னு கேட்டாங்க. 1993ல் பூங்காவாகத் திறந்தார்கள். இன்னைக்கும் அதே மதகு முறைதான், இறாலுக்குப் பதில் பறவைக்கு. வெளியே கடல் நிறைந்திருக்கும்போது குளத்தில் மட்டும் சேறு தெரியும்படி தண்ணியை நிறுத்தி வைப்பாங்க. சும்மா விட்டால் காடு தானா நல்லா இருக்கும்னு சொல்றவங்க இதை யோசிக்கணும்.

சரி, போவது எப்படி? கிராஞ்சி எம்ஆர்டியிலிருந்து 925 பேருந்து. கட்டணம் கிடையாது. அன்றைய ஏற்றவற்ற அட்டவணையைப் போனில் பார்த்து, கடல் உச்சத்துக்கு ஏறுவதற்கு ஒரு ஒன்றரை மணி நேரம் முன்னாடியே போய்ச் சேருங்க. இந்த நேரம் தினமும் சுமார் 50 நிமிஷம் தள்ளிப்போகும், அதனால போன வாரத்துக் கணக்கு உதவாது. கிராஞ்சி பக்க வாசலில் நுழைந்தால் முதலில் கரையோரக் காட்டு நிழலில் நடை, அப்புறம் பாலம், அதைத் தாண்டினால் குளங்கள். பாலத்தில் நின்று கீழே பாருங்க. மரக்கட்டை மாதிரி மிதப்பது உப்புநீர் முதலையாகவும் இருக்கலாம். பாதையை விட்டு இறங்காதீங்க.

நேரம் தப்பிப் போய்விட்டால்? கடல் வத்தியிருக்கும்போது அலையாத்திக் காட்டுப் பலகைப் பாதைக்குப் போங்க. சேற்றில் தாவும் மீன்கள், ஈட்டி மாதிரி மேலே நீட்டிக்கிட்டிருக்கும் மூச்சுவேர்கள் எல்லாம் அப்போதான் நல்லாத் தெரியும்.

மறைவிடத்தில் உட்கார்ந்ததும் குரலைக் குறைச்சுக்கோங்க. அங்கே நிற்கும் பறவை அடுத்த பயணத்துக்கான கொழுப்பைச் சேர்த்துக்கிட்டிருக்கு. ஒவ்வொரு தடவை பயந்து பறக்கும்போதும் அதில் கொஞ்சம் கரையும்.