தங்கத்தைச் சோதிக்கும் எக்ஸ் கதிர்: எவ்வளவு ஆழம் செல்கிறது?

அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில், ஹூஸ்டன் நகரின் ஹில்கிராஃப்ட் சாலையை ஒட்டிய வணிகப் பகுதிக்கு 2010ஆம் ஆண்டு மகாத்மா காந்தி மாவட்டம் எனப் பெயரிடப்பட்டது. தெற்காசிய உணவகங்களும் புடவைக் கடைகளும் நகைக்கடைகளும் நிறைந்த பகுதி இது.

ஊரிலிருந்து கொண்டுவந்த பழைய நகையை மாற்றவோ விற்கவோ முனையும் குடும்பங்களுக்கு, தங்கத்தின் தூய்மையே விலையைத் தீர்மானிக்கிறது. இந்தியாவில் 2021 ஜூன் முதல் ஹால்மார்க் முத்திரை கட்டங்கட்டமாகக் கட்டாயமாக்கப்பட்டது. அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டமோ நகையில் தூய்மை முத்திரை இருந்தே தீர வேண்டும் என வலியுறுத்துவதில்லை. எனவே, உரைகல்லின் இடத்தை உலகெங்கும் பிடித்து வரும் எக்ஸ் கதிர்க் கருவியின் முடிவு முக்கியத்துவம் பெறுகிறது.

கருவி இயங்கும் விதம்

எக்ஸ் கதிர் ஓர் அணுவின் உட்கூட்டிலுள்ள எலக்ட்ரானை வெளியேற்றுகிறது. காலியான இடத்திற்கு வெளிக்கூட்டு எலக்ட்ரான் இறங்கும்போது புதிய எக்ஸ் கதிர் பிறக்கிறது. அதன் ஆற்றல் தனிமத்திற்குத் தனிமம் வேறுபடும். செம்பு சுமார் 8, தங்கம் சுமார் 9.7, வெள்ளி சுமார் 22 கிலோ எலக்ட்ரான் வோல்ட் ஆற்றலில் முக்கியக் கதிர்களை உமிழ்கின்றன. இவற்றின் செறிவை ஒப்பிட்டுக் கருவி விகிதத்தைக் கணிக்கிறது.

உலோகமே தடுப்புச் சுவர்

அணு எண் கூடக்கூட, எக்ஸ் கதிரை உட்கவரும் திறன் வேகமாக அதிகரிக்கிறது. அலுமினியத்தின் அணு எண் 13. தங்கத்தின் அணு எண் 79. மருத்துவ எக்ஸ் கதிர்க் குழாய்களில் சில மில்லிமீட்டர் அலுமினியம், படத்திற்கு உதவாமல் தோலிலேயே தங்கிவிடும் குறைந்த ஆற்றல் கதிர்களை வடிகட்டி, பயனுள்ளவற்றை அனுமதிக்கிறது. தங்கமோ தான் உமிழும் கதிர்களையே தடுத்துவிடுகிறது. ஏறத்தாழ 10 மைக்ரானுக்குக் கீழே பிறக்கும் கதிர்களில் மிகச் சிறு பங்கே வெளியே வருகிறது. அது தலைமுடியின் தடிமனைவிடக் குறைவு.

ஆகவே கருவி அறிவிப்பது மேற்பரப்பின் தூய்மையை மட்டுமே. தடித்த முலாம் பூசிய நகை '916' எனத் தோன்றக்கூடும். டங்ஸ்டனின் அடர்த்தி தங்கத்தை ஒத்திருப்பதால், அதை உள்ளே வைத்த கட்டியை எடைச் சோதனையும் காட்டிக்கொடுக்காது.

இரு சோதனைகள்

மாதிரியை ஈயத்துடன் உருக்கிப் பிரிக்கும் பழைய முறையே ஹால்மார்க்கிங்கில் இறுதி அளவுகோலாக உள்ளது. ஆனால் அதில் நகையின் சிறு பகுதியை இழக்க வேண்டும். மேலும் இரிடியம், ருத்தேனியம் கலப்படம் தங்கத்துடனேயே தங்கிவிடலாம். மேற்பரப்பில் இருந்தால் எக்ஸ் கதிர் அதை அடையாளம் காணும்.

விலை பெரிதாக இருக்கும்போது, பல இடங்களில் அளவிடுவதும், ஐயம் எழுந்தால் உருக்கிச் சோதிப்பதும் விற்பவர், வாங்குபவர் இருவருக்குமே பாதுகாப்பு.