தட்டு ஒன்றே போதும்

கோல்ஃப் என்றதும் நினைவுக்கு வருவது வெல்வெட் புல்தரை, பையைச் சுமக்கும் உதவியாளர், லட்சங்களில் உறுப்பினர் கட்டணம். அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில், பசடேனா நகரப் பூங்கா ஒன்றில் ஆடப்படும் கோல்ஃபுக்கு இவை எதுவும் தேவையில்லை. ஒரு பிளாஸ்டிக் தட்டு போதும்.

ஹஹமோங்னா பூங்காவின் ஓக் மரங்களுக்கு நடுவே அமைந்திருக்கிறது ஓக் குரோவ் மைதானம். 1975இல் உருவான இதுவே உலகின் முதல் நிரந்தர டிஸ்க் கோல்ஃப் மைதானம் என்று கருதப்படுகிறது. பக்கத்திலேயே நாசாவின் ஜெட் புரொபல்ஷன் ஆய்வுக்கூடம். அங்கே கோள்களுக்குக் கலங்களை அனுப்புகிறார்கள். இங்கே கூடைக்குத் தட்டுகளை. யார் வேண்டுமானாலும் ஆடலாம். கட்டணம் கிடையாது.

ஆட்டம் எளிது. பந்துக்குப் பதில் தட்டு, குழிக்குப் பதில் சங்கிலிகள் தொங்கும் இரும்புக் கூடை. தட்டு விழுந்த இடத்திலிருந்து மீண்டும் எறிய வேண்டும். குறைந்த வீச்சுகளில் கூடைகளை முடிப்பவருக்கு வெற்றி. எளிது என்றது விதிகளைத்தான். வலக்கைக்காரர் பின்கை வீச்சில் எறியும் தட்டு, வேகம் குறைந்ததும் இடப்பக்கம் சாயும். அதைக் கணக்கில் கொள்ளாதவருக்கு மரம்தான் பாடம் சொல்லும்.

இதற்கெல்லாம் காரணகர்த்தா எட் ஹெட்ரிக். வாம்-ஓ பொம்மை நிறுவனத்தில் பிரிஸ்பி தட்டைச் செம்மைப்படுத்தி, 1967இல் காப்புரிமை பெற்றவர். தொடக்கத்தில் இலக்கு வெறும் கம்பம்தான். பட்டதா, படவில்லையா என்று தகராறு வரும். தட்டைப் பிடித்து நிறுத்தும் சங்கிலிக் கூடை அந்த வழக்கைத் தீர்த்தது. 1977இல் அதற்கும் காப்புரிமை. 2002இல் அவர் இறந்த பின், அவரது விருப்பப்படி அஸ்தியைக் கலந்தே தட்டுகள் வார்த்தார்கள்.

ஆட்டத்தில் இப்போது பணமும் புழங்குகிறது. 2021இல் டிஸ்கிராஃப்ட் நிறுவனம் பால் மெக்பெத் என்ற வீரருடன் 10 ஆண்டுகளுக்கு 1 கோடி டாலர் ஒப்பந்தம் செய்தது. ஆனாலும் வேர் இருப்பது இலவசப் பூங்காக்களில்தான்.

சிக்கலும் அங்கேதான். பொதுப் பூங்கா ஆடுபவர்களுக்கு மட்டும் சொந்தமில்லை. நாயோடு நடப்பவரும் குழந்தையோடு வருபவரும் அதே மர நிழலைத்தான் தேடுகிறார்கள். சுமார் 170 கிராம் எடையுள்ள, விளிம்பு கடினமான தட்டு வேகமாக வந்து பட்டால் காயம்தான். ஓயாத அடியில் மரப்பட்டையும் உரியும். புதிய மைதானம் கேட்டுப் போகிறவர்கள் பல நகரங்களில் சந்திக்கும் ஆட்சேபம் இதுவே.

எனவேதான் பாதை காலியாகும்வரை எறியாமல் காத்திருப்பது ஆட்டத்தின் முதல் மரியாதை. கட்டணமில்லா மைதானத்தில் இந்தப் பொறுமைதான் கட்டணம். அதைச் செலுத்த மறுப்பவர்கள் பெருகினால் முதலில் வேலி வரும்; பின்னாலேயே டிக்கெட் வரும்.