உதிரத்தின் நடுநிலை

நோட்டன் பிரிட்ஜில், விமலசுரேந்திர நீர்த்தேக்கத்தின் கரையில் நின்று நோக்கினால் சரிவெங்கும் தேயிலைதான். தேயிலை புளித்த மண்ணையே விரும்பும் பயிர். அமில காரத் தன்மையைக் குறிக்கும் பி.எச். அளவில் 7 நடுநிலை. அதற்குக் கீழே அமிலம், மேலே காரம். தேயிலை 4.5 முதல் 5.5 வரையுள்ள மண்ணிலே செழிக்கும். அதன் கொழுந்தைக் கிள்ளுபவரின் உதிரமோ 7.35க்கும் 7.45க்கும் இடைப்பட்ட ஒடுங்கிய வரம்பிலேயே நிற்றல் வேண்டும்.

உண்ணும் உணவும் உழைக்கும் தசையும் ஓயாது அமிலத்தைப் பிறப்பிக்கின்றன. எனினும் வரம்பு மீறாதிருப்பது எங்ஙனம்? காவலர் மூவர் உளர். உதிரத்திலுள்ள பைகார்பனேட் என்னும் காரப்பொருள் அமிலத்தை அக்கணமே தணிக்கிறது. நுரையீரல் கரியமிலவாயுவைச் சில நிமிடங்களில் வெளியேற்றுகிறது. சிறுநீரகம் எஞ்சிய அமிலத்தை நாட்கணக்கில் கழித்து, பைகார்பனேட்டை மீட்டுத் தருகிறது. நீர்த்தேக்கத்தின் மட்டத்தை வான்கதவுகள் காப்பது போன்றதே இது.

கடும் வயிற்றோட்டத்தில் நீரோடு பைகார்பனேட்டும் வெளியேறிவிடுகிறது. அமிலம் மிகுகிறது. நோயாளியின் மூச்சு ஆழ்ந்து விரைகிறது. அமிலத்தை வெளியேற்ற நுரையீரல் படும் பாடு அது.

மன்னாரிலிருந்து மாத்தளை நோக்கிக் காட்டுவழியே கோப்பித் தோட்டங்களுக்கு நடந்த நம் முன்னோர் பலரை வாந்திபேதி வழியிலேயே வீழ்த்தியது. அந்நோயாளரின் உதிரம் நீரையும் உப்பையும் காரத்தையும் இழக்கிறது என்பதை, 1831-32இல் இங்கிலாந்திலே வில்லியம் புரூக் ஓஷானஸி என்னும் இளம் மருத்துவர் ஆராய்ந்து கூறினார். உண்மை தெரிந்தது; எனினும் ஏழையின் குடிசைக்கு அது வந்து சேர ஒரு நூற்றாண்டுக்கு மேலாயிற்று.

1971இல் மேற்கு வங்காளத்துப் பொங்கான் அகதி முகாமில் வாந்திபேதி பரவியது. ஊசிவழி ஏற்றும் உப்புநீர் தீர்ந்தது. மருத்துவர் திலீப் மஹலனோபிஸ் உப்பு, சமையற் சோடா, குளுக்கோஸ் மூன்றையும் நீரிற் கலந்து பருகக் கொடுத்தார். அச்சோடாவே இழந்த பைகார்பனேட். நூற்றுக்கு முப்பதளவில் இருந்த மரணம் நாலுக்கும் கீழே இறங்கிற்று.

இன்று மலையகக் கடைகளிற் கிடைக்கும் ‘ஜீவனி’ பொட்டலம் அதன் வழித்தோன்றலே. சோடாவுக்குப் பதிலாகச் சிற்றேற்று என்னும் உப்பு இருக்கும். உடலுள் அது பைகார்பனேட்டாக மாறும். பொட்டலத்திற் குறித்த அளவு கொதித்தாறிய நீரிற் கரைத்து, சிறிது சிறிதாகப் பருகக் கொடுத்தல் வேண்டும். அயர்ந்து கிடக்கும் குழந்தை ஆழ்ந்து விரைந்து மூச்சுவிடுமாயின், லயத்தில் வைத்துப் பார்த்திராது உடனே ஆஸ்பத்திரிக்கு எடுத்துச் செல்க. அம்மூச்சு உதிரம் நமக்கு விடுக்கும் எச்சரிக்கை. காட்டுவழியில் வீழ்ந்தவருக்கு அதனை அறிந்து சொல்ல எவருமிலர், நமக்கோ அச்சாக்கில்லை.