வண்டி ஏன் கொதிக்கிறது?

மும்பையிலிருந்து புனேக்கு வரும் வழியில் போர் காட் என்ற மலைப்பாதை இருக்கிறது. அடிவாரத்தில் கோப்போலி. மேலே கண்டாலா, லோனாவாலா. லோனாவாலா கடல் மட்டத்திலிருந்து 600 மீட்டருக்கு மேல் உயரம். 2002-ல் விரைவுச் சாலை முழுவதும் திறக்கப்பட்டது. சாலை அகலமானது. ஆனால் ஏற்றம் குறையவில்லை. அந்த ஏற்றத்தில் பழைய வண்டிகள் சில திணறும். பானெட்டின் உள்ளிருந்து ஆவி கிளம்பும்.

புனேயில் கட்கி பக்கம் தமிழ்க் குடும்பங்கள் பல உண்டு. அங்கே ஒரு டிரைவர் பழைய பத்மினி கார் வைத்திருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். கல்யாண ஊர்வலத்துக்கு வாடகைக்கு விடுகிறார். பத்மினி மும்பை குர்லாவில் செய்த வண்டி. இப்போது அதைச் செய்வதில்லை. மும்பையில் பத்மினி டாக்சிகளும் 2023 அக்டோபரோடு நின்றுவிட்டன. அதனால்தான் பார்க்க ஆசைப்பட்டு வாடகைக்கு எடுக்கிறார்கள். மாப்பிள்ளை உள்ளே இருக்கும்போது வண்டி கொதித்து நின்றால் என்ன ஆகும்? அடுத்த முறை யாரும் கூப்பிட மாட்டார்கள்.

"இன்ஜினையே மாற்று" என்று ஒருவர் சொன்னார். டிரைவர் பயந்து போனார். வயதான மெக்கானிக் ஒருவரிடம் போனார்.

"எப்போ கொதிக்குது தம்பி? ஊர்வலத்துலயா, ஏத்தத்துலயா?" என்று அவர் கேட்டார்.

"ரெண்டுலயும்தாண்ணே."

"தண்ணி குறையுதா?"

"வாரத்துக்கு ரெண்டு தடவை ஊத்துறேன்."

இந்தக் கேள்விகளில்தான் பாதி விடை இருக்கிறது.

இன்ஜினுக்குள் பெட்ரோல் எரிகிறது. அந்தச் சூட்டைத் தண்ணீர் வாங்கிக்கொள்கிறது. பம்ப் அதை முன்னால் இருக்கும் ரேடியேட்டருக்குத் தள்ளுகிறது. அங்கே மெல்லிய குழாய்கள். காற்று பட்டுத் தண்ணீர் ஆறுகிறது. மறுபடி இன்ஜினுக்குப் போகிறது. பழைய வண்டியில் ஃபேனைச் சுற்றுவது ஒரு பெல்ட். ஊர்வலத்தில் வண்டி மெதுவாகப் போகும். எதிர்க்காற்று கிடையாது. ஃபேன் ஒன்றுதான் துணை. பெல்ட் தளர்ந்திருந்தால் அதுவும் சரியாகச் சுற்றாது. ஊர்வலத்தில் மட்டும் கொதித்தால் முதலில் பெல்ட்டைப் பார்க்க வேண்டும். ஏற்றத்தில் கொதித்தால் ரேடியேட்டர் அடைத்திருக்கலாம்.

நம் டிரைவருக்கு இரண்டும் உண்டு. தண்ணீரும் குறைகிறது. அந்தத் தண்ணீர் எங்கே போகிறது?

இரவில் வண்டியின் கீழே ஓர் அட்டையை விரித்து வையுங்கள். காலையில் ஈரம் இருந்தால் ரப்பர் குழாய், பம்ப், ரேடியேட்டர் இவற்றில் எங்கோ ஒழுகல். அட்டை காய்ந்தே இருக்கிறதா? தண்ணீர் உள்ளே போகிறதோ என்று பாருங்கள். புகைக்குழாயில் வெள்ளைப் புகை விடாமல் வருகிறதா? ஆயில் பால் கலந்த காப்பி போல் இருக்கிறதா? அப்படியென்றால் ஹெட் கேஸ்கெட் போயிருக்கலாம். அது பெரிய செலவு. ஆனால் பார்க்காமலே அதைச் சொல்பவரை நம்ப வேண்டாம்.

இங்கே அட்டை காய்ந்திருந்தது. ஆயிலும் சுத்தமாக இருந்தது. மெக்கானிக் ரேடியேட்டர் மூடியைக் கழற்றிக் காட்டினார். அதன் ரப்பர் வெடித்திருந்தது.

மூடி என்றால் வெறும் மூடி அல்ல. பிரஷர் குக்கரை நினைத்துக்கொள்ளுங்கள். குக்கருக்குள் அழுத்தம் ஏறுவதால் தண்ணீர் 100 டிகிரிக்கு மேலே போய்த்தான் கொதிக்கிறது. ரேடியேட்டர் மூடியும் அதே வேலையைச் செய்கிறது. அழுத்தம் குக்கரை விடக் குறைவு, அவ்வளவுதான். ரப்பர் கெட்டால் அழுத்தம் நிற்காது. தண்ணீர் சீக்கிரம் கொதித்து, பக்கக் குழாய் வழியாக வெளியே போய்விடும். ஓடும்போதே போவதால் அட்டையில் தெரியாது. புனே உயரமான ஊர். திறந்த பாத்திரத்தில் அங்கே 98 டிகிரியிலேயே தண்ணீர் கொதிக்கும்.

இன்னொரு குற்றமும் இருந்தது. டிரைவர் ஊற்றியது போர்வெல் தண்ணீர். உப்புத் தண்ணீர் காய்ச்சும் பாத்திரத்தில் வெள்ளையாகப் படியுமே, அதே உப்பு ரேடியேட்டர் குழாய்களை அடைத்திருந்தது. ரேடியேட்டரைக் கழற்றிச் சுத்தம் செய்தார்கள். புது மூடி போட்டார்கள். பெல்ட்டை இழுத்துக் கட்டினார்கள். பிறகு பாதி கூலன்ட், பாதி காய்ச்சி வடித்த தண்ணீர் ஊற்றினார்கள். கூலன்ட் துருவைத் தடுக்கும்.

"தெர்மோஸ்டாட்டைக் கழற்றிப் போட்டுடலாமாண்ணே?" என்றார் டிரைவர். பலரும் அப்படிச் செய்கிறார்கள். மெக்கானிக் சம்மதிக்கவில்லை. அது தண்ணீரின் வாசல். இன்ஜின் சூடாகும் வரை மூடியிருக்கும், பிறகு திறக்கும். கெட்டதா என்று பார்க்க வழி உண்டு. பழைய பாத்திரம் ஒன்றில் தண்ணீர் வைத்து, அதில் போட்டுக் காய்ச்ச வேண்டும். கொதிக்கும் தண்ணீரிலும் திறக்காவிட்டால் மாற்ற வேண்டும். இது திறந்தது.

பாதி வழியில் வண்டி கொதித்தால் உடனே ஓரமாக நிறுத்துங்கள். இன்ஜினை அணையுங்கள். இன்னும் ஓட்டினால் ஹெட் வளைந்துவிடும். அரை மணி நேரமாவது ஆற விடுங்கள். சூடாக இருக்கும்போது மூடியைத் திறக்கவே கூடாது. கொதிநீர் பீறிட்டு முகத்திலும் கையிலும் அடிக்கும். துணி போட்டுப் பிடித்தாலும் காப்பாற்றாது. சூடான இன்ஜினில் பச்சைத் தண்ணீர் ஊற்றினால் இரும்பு விரிசல் விடலாம்.

கூலன்ட் இனிக்கும். ஆனால் விஷம். கீழே சிந்தினால் நாய் நக்கிவிடும். குழந்தை கைக்கு எட்டாத இடத்தில் டப்பாவை வையுங்கள். குடிநீர் பாட்டிலில் ஒருபோதும் ஊற்றி வைக்காதீர்கள்.