களவு போன பிரதிக்கும் ஒரு திருத்தம்
திரைக்குள் ஆடுகளம் – 11

'ஹாட்லைன் மயாமி' 2012 அக்டோபர் 23 அன்று விண்டோஸ் கணினிகளுக்கு வெளியானது. சுவீடனின் கோத்தன்பர்க் நகரைச் சேர்ந்த யூனதான் சோடர்ஸ்ட்ரோம், டென்னிஸ் வெடின் ஆகிய இருவர் 'டென்னடன்' என்ற பெயரில் உருவாக்கிய விளையாட்டு அது. 'கேக்டஸ்' என்ற புனைபெயரில் பல சிறு இலவச விளையாட்டுகளை வெளியிட்டு சோடர்ஸ்ட்ரோம் ஏற்கெனவே அறியப்பட்டிருந்தார். வெடின் ஓவியர். வெளியீட்டாளர் டெவால்வர் டிஜிட்டல். விலை 10 டாலர். 1989ஆம் ஆண்டின் மயாமி நகரம், விலங்கு முகமூடி அணிந்த கொலையாளி, மேலிருந்து பார்க்கும் கோணம், கண்ணைக் கூசவைக்கும் நிறங்கள், ஓயாத இசை என்று அதற்கெனத் தனி முகம் இருந்தது. முதல் ஏழு வாரங்களில் 1,30,000 பிரதிகளுக்கு மேல் விற்றது. அந்த விற்பனைக்கு இணையாகத் திருட்டுப் பதிவிறக்கமும் நடந்தது. பயனர்கள் தங்களுக்குள் கோப்புகளைப் பகிர்ந்துகொள்ளும் டாரண்ட் வழியாக அது அசாதாரண அளவில் பரவியதை வெளியீட்டாளர் தரப்பே ஒப்புக்கொண்டது.

பரவிய பிரதி குறையுள்ள பிரதி. காசு கொடுத்து வாங்கியவர்களுக்கும் முதல் நாட்களில் அதே குறைதான் கிடைத்தது. சிலருக்கு விளையாட்டு திறக்கவே இல்லை; சிலருக்குப் பாதியில் நின்றது; கேம்பேடு வைத்து ஆட நினைத்தவர்களுக்குச் சிக்கல்.

குறைகளின் வேர் அது உருவான கருவியில் இருந்தது. நெதர்லாந்தின் உட்ரெக்ட் பல்கலைக்கழகப் பேராசிரியர் மார்க் ஓவர்மார்ஸ் 1999இல் உருவாக்கிய கேம்மேக்கர், நிரல் எழுதத் தெரியாதவர்களையும் விளையாட்டு செய்ய வைத்த மென்பொருள். பிற்பாடு ஸ்காட்லாந்தின் யோயோ கேம்ஸ் நிறுவனம் அதைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டது. 'ஹாட்லைன் மயாமி'க்குப் பயன்பட்டது அதன் 7ஆம் பதிப்பு. அது 2007இல் வந்தது. விளையாட்டு வெளியானபோது அதற்கு ஐந்து வயது. 'கேம்மேக்கர் ஸ்டுடியோ' என்ற புதிய வடிவம் கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தும் சோடர்ஸ்ட்ரோம் பழகிய கருவியை விடவில்லை. தனியாள் உருவாக்குநர்கள் பெரும்பாலும் அப்படித்தான்: கருவியின் குறைகளைச் சுற்றிப் போகும் வழி பல வருடப் பழக்கத்தில் கைக்கு வந்திருக்கும், புதியதில் அது இருக்காது. ஆனால் வாங்குபவரின் கணினிக்கு அந்தப் பழக்கம் தெரியாது. விண்டோஸின் எக்ஸ்பி, விஸ்டா, 7 ஆகிய மூன்று பதிப்புகளும் ஒரே சமயத்தில் புழக்கத்தில் இருந்தன. விளையாட்டு வெளிவந்த மூன்றாம் நாள், அக்டோபர் 26 அன்று, விண்டோஸ் 8 வந்து சேர்ந்தது. ஒவ்வொன்றிலும் பல வகை கிராபிக்ஸ் கார்டு, பல வகை டிரைவர். பெரிய நிறுவனங்கள் இந்தச் சேர்க்கைகளைச் சோதிக்கத் தனிக் கூடமே நடத்துகின்றன. இருவர் குழுவுக்குச் சோதனைக்கூடம் என்பது வாங்கியவர்களின் வீட்டுக் கணினிதான்.

ஆகவே வெளியீட்டுக்கு அடுத்த நாட்களில் திருத்தக் கோப்புகள், அதாவது பேட்ச்கள், தேவைப்பட்டன. ஸ்டீம் போன்ற கடையில் வாங்கியவருக்கு அவை தாமாகவே இறங்கிவிடும். டாரண்டில் எடுத்தவருக்கு அந்த வழி கிடையாது. ஒரு டாரண்ட் கோப்பு, தான் சுட்டும் உள்ளடக்கத்தின் கணித முத்திரையைத் தாங்கியிருக்கிறது. உள்ளே ஒரு பைட் மாறினாலும் முத்திரை பொருந்தாது. எனவே பழைய டாரண்டுக்குள் புதிய திருத்தத்தைச் செருக முடியாது, புதிதாக ஒன்றைத்தான் ஏற்ற வேண்டும். அதற்குள் பழையது ஆயிரக்கணக்கானோர் கணினியிலிருந்து பகிரப்பட்டுக்கொண்டே இருக்கும். முதல் நாள் பிரதி, அதன் அத்தனை பிழைகளோடும், கெட்டியாக உறைந்துவிடுகிறது.

சோடர்ஸ்ட்ரோம் செய்தது அன்று பலரைத் திகைக்கவைத்தது. டாரண்ட் கோப்புகளைத் திரட்டித் தரும் தி பைரேட் பே தளத்தில் தன் விளையாட்டின் திருட்டுப் பிரதி இருந்த பக்கத்துக்கே போய், தன் சொந்தப் பெயரில் அறிமுகம் செய்துகொண்டார். புதிய பேட்ச் தயாராகிறது, வந்ததும் டாரண்டை மாற்றிவிடுங்கள் என்று கேட்டுக்கொண்டார். விளையாட்டு ஓடாமல் தவித்தவர்களுக்கு வழியும் சொன்னார். எப்படிக் கையில் கிடைத்திருந்தாலும் குறையுள்ள வடிவத்தில் யாரும் அதை ஆடக் கூடாது என்பது அவர் நிலை. திருட்டுப் பிரதி எடுப்பதை விரும்பவில்லை என்றும், சில மாதங்களாகத் தானும் காசில்லாமல் இருந்ததால் எடுப்பவர்களின் நிலை புரிகிறது என்றும் பின்னர் ட்விட்டரில் குறிப்பிட்டார். இதில் பெருந்தன்மை உண்டு. கணக்கும் உண்டு, அவர் அதைச் சொல்லாவிட்டாலும். தியேட்டரில் கைக்கேமராவில் எடுத்த திருட்டு விசிடியைப் பார்த்தவர், படம் மங்கல் என்று ஒளிப்பதிவாளரைத் திட்டுவதில்லை. பாதியில் நின்றுபோகும் விளையாட்டை இலவசமாக எடுத்தவரோ, "சரியாகவே செய்யவில்லை" என்று ஊர் முழுக்கச் சொல்லிவிடுவார்.

அப்படிச் சொல்லப்பட்டதால் அடிபட்ட விளையாட்டுக்கு உதாரணம் 'டைட்டன் குவெஸ்ட்' (2006). அமெரிக்காவின் அயர்ன் லோர் நிறுவனம் உருவாக்கி, டிஎச்க்யூ வெளியிட்டது. கடைக்கு வரும் முன்பே கிராக் செய்யப்பட்ட, அதாவது திருட்டுத் தடுப்புப் பூட்டு உடைக்கப்பட்ட, பிரதி உலவத் தொடங்கியது. உடைத்தவர்கள் தொடக்கத்தில் இருந்த பூட்டை நீக்கினார்கள். ஆட்டத்துக்குள் புதைந்திருந்த அடுத்த சோதனைகளைக் கவனிக்கவில்லை. முதல் குகையைக் கடக்கும் இடத்தில் அந்தச் சோதனை விழித்துக்கொண்டு விளையாட்டை மூடிவிடும். எச்சரிக்கை எதுவும் வராது என்பதால், ஆடியவர் கண்ணுக்கு அது வெறும் கோளாறு. "அந்தக் குகையில் எல்லாருக்கும் நின்றுபோகிறது" என்ற பேச்சு விற்பனை தொடங்கும் முன்பே பரவிவிட்டது என்று, 2008இல் அயர்ன் லோர் மூடப்பட்டபின் டிஎச்க்யூவின் மைக்கேல் ஃபிட்ச் எழுதினார். மௌனமாக வேலை செய்யும் பூட்டு, வைத்தவருக்கே வினையானது.

பூட்டே வேண்டாம் என்று முடிவெடுத்தவர்களும் உண்டு. கைல் கேப்ளர், ரான் கார்மெல் இருவரின் '2டி பாய்' நிறுவனம் 2008 அக்டோபரில் 'வேர்ல்ட் ஆஃப் கூ'வை எந்தக் காப்புப் பூட்டும் இல்லாமல் வெளியிட்டது. மதிப்பெண் பட்டியலுக்காகத் தங்கள் சர்வரைத் தொடர்புகொண்ட இணைய முகவரிகளை விற்ற பிரதிகளோடு ஒப்பிட்டு, ஆடுபவர்களில் சுமார் 90 சதவிகிதத்தினர் வாங்காதவர்கள் என்று அறிவித்தது. வேறு முறையில் கணக்கிட்டபோது 82. ஒரே வீட்டின் இணைய முகவரி நாளுக்கு நாள் மாறலாம் என்பதால் இத்தகைய எண்களை நெருக்கமான ஊகமாகவே கொள்ள வேண்டும். ஆனால் ரிஃப்லெக்சிவ் நிறுவனம் பூட்டோடு விற்ற 'ரிக்கோஷே இன்ஃபினிட்டி'க்கும் திருட்டு 92 சதவிகிதம் என்றுதான் கணக்கு வந்திருந்தது. பூட்டை இறுக்கி இறுக்கிப் பார்த்த அந்த நிறுவனம், ஆயிரம் திருட்டுப் பிரதிகளைத் தடுத்தால் ஒரு பிரதி கூடுதலாக விற்கிறது என்ற இடத்தில் வந்து நின்றது. திருடப்பட்ட ஒவ்வொரு பிரதியையும் இழந்த விற்பனையாக எழுதும் கணக்குகள் இந்த ஒன்றைக் கண்டுகொள்வதே இல்லை.

2013 ஏப்ரலில் 'கேம் டெவ் டைக்கூன்' வெளியானபோது அதன் உருவாக்குநர்களான க்ளூக் சகோதரர்கள் தாங்களே ஒரு "கிராக்" பிரதியை டாரண்டில் ஏற்றினார்கள். விளையாட்டு நிறுவனம் நடத்துவதுதான் அதில் ஆட்டம். அந்தப் பிரதியில் மட்டும், சிறிது தூரம் போனதும் திருட்டால் நிறுவனம் திவாலாகும். முதல் நாளில் வாங்கியவர்கள் 214 பேர், அந்தப் பிரதியை ஆடியவர்கள் 3,104 பேர். திவாலானவர்களில் சிலர், திருட்டைத் தடுக்க என்ன ஆராய்ச்சி செய்ய வேண்டும் என்று மற்ற ஆட்டக்காரர்களிடம் ஆலோசனை கேட்டார்கள்! சாமர்த்தியமான ஏற்பாடு, உலகச் செய்தியுமானது. ஆனால் முதல் நாளே திருட்டுச் சந்தைக்குச் சரக்கு அனுப்பியவர்கள் அவர்களே என்பதால் அந்த விகிதத்தைப் பொது அளவுகோலாக எடுத்துக்கொள்வது சரியாகாது.

பூட்டு தவறான ஆள் மீது பாய்வதும் நடக்கிறது. 'ஹாட்லைன் மயாமி' வெளிவந்து சில வாரங்களில், யோயோ கேம்ஸ் தன் கேம்மேக்கர் ஸ்டுடியோவில் வைத்திருந்த திருட்டுத் தடுப்பு குழம்பிப்போய், காசு கொடுத்து வாங்கிய உருவாக்குநர்களையே திருடர்களாக எண்ணிவிட்டது. அவர்கள் வரைந்து வைத்திருந்த படங்களின் மீது மண்டை ஓட்டுச் சின்னத்தைப் பதித்தது. பதிந்தது பதிந்ததுதான், படம் பாழ். பழைய விளையாட்டுகளுக்கு நேர்ந்தது இன்னும் பெரிது. சேஃப்டிஸ்க், செக்யூராம் ஆகிய குறுந்தகட்டுப் பூட்டுகளின் பழைய வடிவங்கள் இயங்குதளத்தின் ஆழத்தில் வேலை செய்வதால் பாதுகாப்பு ஆபத்து என்று 2015இல் விண்டோஸ் 10 அவற்றை ஏற்க மறுத்தது. அசல் தகட்டைப் பத்திரமாக வைத்திருந்தவரின் விளையாட்டு ஓடவில்லை. கிராக் செய்த பிரதி ஓடியது.

'ஹாட்லைன் மயாமி' 2013 மார்ச்சில் மேக் கணினிகளுக்கும், அதே ஆண்டு லினக்ஸுக்கும் சென்றது. அதன் இரண்டாம் பாகம் 2015 மார்ச்சில் வந்தது. ஆஸ்திரேலியாவின் தணிக்கை வாரியம் அதற்கு முந்தைய ஜனவரியிலேயே அதற்குச் சான்றிதழ் மறுத்துவிட்டதால் அங்கே விற்கச் சட்டப்படி வழியில்லை. என்ன செய்வது என்று கேட்டு எழுதிய அந்நாட்டு ரசிகர் ஒருவருக்கு சோடர்ஸ்ட்ரோம் பதில் அனுப்பினார்: அங்கே வெளியாகாவிட்டால் திருட்டுப் பிரதியை எடுத்து ஆடுங்கள், எங்களுக்குப் பணம் அனுப்ப வேண்டியதில்லை.