எழுத்துறவும் வேருறவும்

ஒத்த முகச்சாயல் உடைய இருவரைக் கண்டவிடத்து அவர்களை உடன்பிறந்தோர் எனக் கருதுவது மக்கள் இயல்பு. சொற்களிடத்தும் இம்மயக்கம் நிகழ்வதுண்டு. ஒரே எழுத்துத்தொடரைத் தாங்கி நிற்கும் சொற்கள் யாவும் ஒரே வேரினின்று கிளைத்தனவா என்பதை ஈண்டுக் காண்போம்.

நெய்வேலியில் வாழும் நமக்கு நன்கு பழகிய ஆங்கிலச் சொல் 'லிக்னைட்' என்பதாகும். 1956ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற நிறுவனத்தின் பெயரில் அது முழுமையாக இடம்பெற்றிருந்தது. 2016ஆம் ஆண்டு அப்பெயர் 'என்.எல்.சி. இந்தியா' என மாறியது. இச்சொல்லின் முதலெழுத்தை நீக்கின் எஞ்சுவது 'இக்னைட்'. அதன் பொருள் தீ மூட்டுதல் என்பது. எரிபொருளின் பெயருக்குள்ளேயே தீ மூட்டும் சொல் அடங்கியிருப்பது வியப்பன்றோ! ஸ்கிராபிள் என்னும் சொல்லாட்டம் ஆடுவோர்க்கு இது பெருவாய்ப்பு. பலகையில் 'இக்னைட்' முன்னரே அமைந்திருப்பின், அதன் முன்னர் ஓரெழுத்தை வைத்த அளவிலேயே முழுச்சொல்லின் மதிப்பெண்ணும் அவரைச் சேரும்.

ஆயினும் இவ்விரு சொற்களுக்கும் வேருறவு இல்லை. முன்னது மரம், விறகு எனப் பொருள்படும் 'லிக்னம்' என்னும் இலத்தீன் சொல்லின் வழியது. புதையுண்ட தாவரங்களே பழுப்பு நிலக்கரியாயின ஆதலின் பெயர் பொருத்தமானதே. பின்னது தீயைக் குறிக்கும் 'இக்னிஸ்' என்பதன் வழியது. வடமொழி 'அக்னி' அதற்கு உறவு. ஈற்றிலுள்ள எழுத்துகளும் அத்தகையனவே. முன்னதில் அவை கனிமப் பெயர் விகுதி. பின்னதில் இலத்தீன் பெயரெச்சத்தின் எச்சம்.

எல், ஐ, ஜி, என் என்னும் நான்கெழுத்துத் தொடரை மட்டும் நோக்கினும் இவ்வுண்மை புலனாகும். 'அலைன்', 'மலைன்' ஆகிய சொற்களிலும் அத்தொடர் உண்டு. ஒன்று கோட்டினைக் குறிக்கும் சொல்வழி வந்து வரிசைப்படுத்துதலை உணர்த்தும். மற்றொன்று தீய இயல்பினைச் சுட்டும். அவ்விரண்டிலும் ஜி ஒலிப்பதில்லை, 'லிக்னைட்'டில் ஒலிக்கின்றது.

தமிழுக்கும் இவ்விளையாட்டுப் புதிதன்று. தண்டியலங்காரம் கூறும் சித்திரகவிகளுள் எழுத்தைக் கூட்டிச் செல்லும் எழுத்து வருத்தனமும், குறைத்துச் செல்லும் அக்கரச் சுதகமும் உள. மெய்யும் உயிரும் கூடி ஓரெழுத்தாதலின் நம் மொழியில் மற்றொரு நயமும் உண்டு. 'மணி'யில் மகர மெய்யை நீக்கின் 'அணி'. 'நிலை'யில் நகர மெய்யை நீக்கின் 'இலை'. இவற்றிடையே பொருளுறவு யாதும் இல்லை. 'நிலக்கரி', 'நகரியம்' ஆகிய இரண்டினுள்ளும் 'கரி' தோன்றுகின்றது. முன்னதில் அது நிலைத்த சொல். அதற்குக் 'கரிய', 'கரிசல்' என்பன சுற்றம். பின்னதன் பகுதியோ 'நகர்'. ஆங்குக் கரி தற்செயல் தோற்றமே.

இதற்கு மாறாக அரபு மொழியில் எழுத்துறவு பெரும்பாலும் வேருறவாகவே அமைகின்றது. அம்மொழிச் சொற்கள் பெரும்பாலும் மூன்று மெய்களைக் கொண்ட வேரின்மேல் எழுவன. சலாம், இஸ்லாம், முஸ்லிம் ஆகிய மூன்றிலும் ஸ், ல், ம் என்பன வரிசை மாறாது நிற்கின்றன. எழுதப்பட்டதாகிய கிதாபும் எழுதக் கற்பிக்கும் இடமாகிய மக்தபும் க், த், ப் என்னும் ஒரே வேரின் கிளைகள்.

எனவே ஒரு மொழியின் நெறியை மற்றொரு மொழியின்மேல் ஏற்றிக் காணலாகாது. ஒலியொப்புமை ஒன்றையே கொண்டு பிறமொழிச் சொல்லைத் தமிழென்றோ, தமிழ்ச்சொல்லைப் பிறமொழியென்றோ முடிவு கட்டுதல் ஆய்வாகாது. அது நம் மொழிக்குப் பெருமையும் சேர்க்காது. ஆங்கில எழுத்துக்கூட்டலை அஞ்சும் மாணவர் ஒத்த தொடருடைய சொற்களை ஒருங்கே எழுதிப் பழகுதல் நன்று. நினைவில் அவை நிற்கும். பொருள் காணும்போதோ பகுதி, விகுதி பிரித்து, அகராதி நோக்கித் தெளிதல் வேண்டும். ஆட்டத்திற்கு எழுத்துறவு போதும். அறிவிற்கு வேருறவே வேண்டும்.