லேபிளில் இல்லாத பெயர்

பாபநாசம் மலையில் காணிப் பழங்குடியினரின் ஒரு குடியிருப்பு. அரிக்கேன் வெளிச்சத்தில் செடி அழுத்திக்கொண்டிருந்தேன். தாவரவியல் களப்பயிற்சி என்றால் அன்று அதுதான். வேரோடும் பூவோடும் பிடுங்கிய செடியைப் பழைய நாளிதழ்களுக்கு நடுவே விரித்து, ஒரு இலையாவது முதுகு காட்டும்படி திருப்பி வைத்து, மரச்சட்டத்தில் வார் போட்டு இறுக்க வேண்டும். ஈரத்தாளை மாற்ற மறந்தால் பூஞ்சை பிடித்துவிடும். லேபிளில் எண், இடம், நாள், உள்ளூர்ப் பெயர், பயன், சேகரித்தவர். சேகரித்தவர் நான். இலையைக் கசக்கி என் மூக்கருகே நீட்டி, செடியை அடையாளம் சொன்ன காணிப் பெரியவருக்கு அந்தத் தாளில் இடமே கிடையாது. அன்று அது உறைக்கவில்லை, இன்று உறுத்துகிறது.

பாபநாசம் மலை அடங்கிய அகத்தியமலையின் கேரளப் பக்கம், 1987 டிசம்பரில் தாவரவியலாளர் புஷ்பாங்கதன் தலைமையிலான ஆய்வுக்குழு மூச்சு வாங்க ஏறியது. வழிகாட்டிய காணிகளோ ஏதோ காயை மென்றுகொண்டு சளைக்காமல் நடந்தார்கள். கேட்டதும் சொல்லிவிடவில்லை, வெளியாருக்குச் சொல்லக்கூடாத விஷயம் அது. பிறகு காட்டிய செடிதான் ஆரோக்கியபச்சை. பாலோடு என்னும் ஊரிலுள்ள தாவரவியல் பூங்கா அதிலிருந்து 'ஜீவனி' மருந்தை உருவாக்கியது. 1995-ல் ஒரு மருந்து நிறுவனத்துடன் ஒப்பந்தம்: தயாரிப்பு உரிமைக்கு 10 லட்சம் ரூபாய், விற்பனையில் 2 சதவீதம். அதில் பாதி காணிகளுக்கு என்று முடிவானது. பணத்தைப் பெற 1997-ல் அறக்கட்டளை அமைந்தது. பல்லுயிர்ச் சட்டம் வந்ததோ 2002-ல்தான். சட்டம் கேட்காமலே பங்கு கொடுத்தது பெரிய காரியம். ஆனாலும் ரகசியம் வெளியே போனதைக் காணி வைத்தியர்கள் சிலர் ஏற்கவில்லை. அந்த வருத்தத்தைத்தான் களத்துக்குப் போகும் ஒவ்வொரு மாணவரிடமும் முதலில் சொல்கிறேன்.

இப்போதெல்லாம் முதல் நாளில் செடியில் கை வைப்பதில்லை. ஊர்த் தலைவரான மூட்டுக்காணியிடமும் ஊராரிடமும் எதற்கு வந்தோம், எழுதியது எங்கே போகும் என்று விளக்கி, சம்மதம் வாங்க வேண்டும். பறிக்கும் முன் அந்த இடத்தில் எத்தனை செடி நிற்கிறது என்று எண்ண வேண்டும்; குறைவாக இருந்தால் படம் மட்டும். இடக்குறிப்பைச் செல்போனே தந்துவிடுகிறது. பெயரையும் அதுவே சொல்லிவிடுவதால் இலையைக் கசக்கி முகர்பவர்கள் குறைந்துவிட்டார்கள். அதை நான் விடுவதில்லை, முகரச் சொல்கிறேன்.

லேபிளில் இப்போது 'தகவல் தந்தவர்' என்று ஒரு வரி உண்டு. போன முறை ஒரு மாணவி அதில், செடியைப் பற்றிச் சொன்ன காணிப் பாட்டியின் பெயரை எழுதி வாசித்துக் காட்டினாள். பாட்டி தலையசைத்து மறுத்தார்.

"எம் பேரு வேண்டாம்மா. எங்க ஊரைப் போடு."

அவள் பாட்டியின் பெயரை அடித்துவிட்டு ஊர்ப் பெயரை எழுதினாள்.